ஏறினவங்க எத்தனை பேர்

என் வீட்டு மாடித் தளத்துக்குள் நீளவாட்டில் முப்பத்தெட்டுக் கம்பியும் குறுக்குவாட்டில் ஐம்பத்திரண்டு கம்பியும் இருக்கின்றன. கான்கிரீட் மூடிவிட்டது, இனி யாரும் எண்ண முடியாது. நான் மூடுவதற்கு முன்பே எண்ணிவிட்டேன். அந்தக் கம்பிகளைக் கட்டியவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் எழுதப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள வயல்களில் இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று கயிறு பிடித்து, அதற்குள் விளைந்ததை அறுத்து எடை போட்டு எழுதும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வயல் இல்லை. வீட்டின் மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்று மகன் சொன்னதும் செங்கல், சிமென்ட் மூட்டை, ஆட்கள், ஆட்கள் குடித்த டீ என்று ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு நாள் முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலையாட்கள் இரண்டாம் நாளே முகம் சுளித்தார்கள். மேஸ்திரி மட்டும் சுளிக்கவில்லை.

"எண்ணுங்க சார். நல்லதுதான். எண்ண ஆள் இல்லாத எடத்துலதான் தப்பு நடக்குது" என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கட்டுக்கம்பி முறுக்கி முறுக்கி வலது கை விரல்களில் கறுப்புத் தழும்புகள்: ஆள்காட்டி விரலில் மூன்று, நடுவிரலில் இரண்டு. அவரும் எண்ணுகிறவர்தான். ஆனால் பொருளை எண்ணமாட்டார், ஆளை எண்ணுவார். காலையில் ஏணியின் அடியில் நின்று ஒவ்வொருவர் முதுகாகத் தட்டி மேலே அனுப்புவார். கடைசி ஆள் ஏறியதும், "ஏறினவங்க ஏழு" என்று சத்தமாகச் சொல்வார். சாயங்காலம் அதே இடத்தில் நின்று, "எறங்கினவங்க ஏழு" என்பார். அதைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் கை கால் கழுவியதில்லை. நடுவில் ஒருவன் ஒன்றுக்குப் போக இறங்கினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஓரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பில் கயிறு. என் வீட்டுத் தளத்தின் உயரம் பத்தரை அடி. கீழே மணல் குவியல் வேறு. அதற்கும் கயிறு.

"அண்ணன் வூட்டுல கட்டிலு மேல ஏறுனாக்கூட கயிறு கட்டிக்கினுதான் ஏறுவாரு. போயி அண்ணியக் கேட்டுப் பாருங்க" என்பான் முருகேசன். அந்தக் கூட்டத்தில் வாய் நீளம் அவனுக்குத்தான்.

"கட்டுடா. வுயிரு மேல போனா வாயும் கூடத்தான் போவும்" என்பார் மேஸ்திரி. சிரிக்கமாட்டார்.

ஒரு நாள் அந்த முருகேசன் பின்பக்கமாக மணலில் குதித்து டீக்கடைக்குப் போய்விட்டான். மேஸ்திரி எதற்கோ தலையைத் தூக்கி எண்ணினார். ஆறுதான் வந்தது. கையிலிருந்த கம்பி முறுக்கும் கொக்கியைப் போட்டுவிட்டு நாலு ஓரத்துக்கும் ஓடினார். ஒவ்வொரு ஓரத்திலும் குனிந்து கீழே பார்த்தார். அந்த முகத்தை நான் கீழிருந்து பார்த்தேன். பத்தரை அடி உயரத்திலிருந்து பார்க்கிற முகமாக அது இல்லை. டீக்கடையில் அவனைப் பிடித்து ஓர் அறை விட்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அறைந்த கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். முருகேசனே பயந்துபோய், "அண்ணே, தெரியாம பண்ட்டேண்ணே. இந்தா, டீ குடிண்ணே" என்று தன் கிளாஸை நீட்டினான்.

அவர் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு நாட்டுத் தலைநகரத்தில் ஒரு பேங்க் தன் தலைமை அலுவலகத்தைக் கட்டியபோது மூன்று வருடம் கம்பி கட்டினார். வரும்போது அந்த பேங்க் கொடுத்த ஒரு காலண்டரைக் கொண்டுவந்திருந்தார். மாதத் தாள்கள் கிழிந்து போய், கட்டிடத்தின் படம் மட்டும் மிச்சம். அதை பாலித்தீன் உறையில் போட்டு, எந்த வீட்டில் வேலை நடந்தாலும் அங்கே சிமென்ட் கொட்டகையில் ஆணி அடித்து மாட்டுவார். நீலக் கண்ணாடி போட்ட உயரமான கட்டிடம். முன்னால் ஒரு பெரிய மரம்.

"மொத்தம் எத்தனை மாடி மேஸ்திரி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"தரையோட சேத்து பத்தொம்போது சார்."

டீ நேரத்தில் அந்தக் கட்டிடத்தைச் சொல்வார். யாராவது கேட்க வேண்டும், தானாக ஆரம்பிக்கமாட்டார். கேட்கிறவள் பெரும்பாலும் அவர் தம்பியின் மனைவி. அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் சித்தாளாக இருந்தாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் சும்மாட்டோடு கல் தூக்குவாள். மற்ற இரண்டு சித்தாள்களும் ஏதாவது பழைய சட்டை போட்டிருப்பார்கள். அஞ்சலைக்கு எப்போதும் ஒரே கட்டம் போட்ட சட்டை. காலர் நைந்து, இரண்டு பட்டன் வேறு நிறத்தில். அவள் புருஷனுடையது.

புருஷன் கதையை என் மனைவியிடம் அவளே சொன்னாள். நான் அறைக்குள் இருந்தேன், காதில் விழுந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு வுயரம்னா ஆவாதும்மா. நான் மலைக்காரி. கல்வராயன் மலை மேல எங்க ஊரு. பொண்ணு பாக்க வரச்ச பஸ்சு வளைவுல திரும்பத் திரும்ப கண்ண இறுக்கி மூடிக்கினு வந்தாராம். எறங்குனப்புறம் எங்க அண்ணனுங்க கைய புடிச்சி இட்டாந்தாங்க. மாப்பிளைக்குப் பார்வை இல்லைன்னு ஊரே பேசிடிச்சு" என்று சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள்.

"அப்புறம் எப்படி அவ்வளவு பெரிய கட்டிடத்துக்குப் போனாரு?"

"மாமாதான் இட்டுக்கினு போனாரு. பஸ் ஸ்டாண்டுல அத்தினி பேரு எதுருல நான் கேட்டேன். மாமா, அவர மேல ஏத்தாதீங்க, கீழயே கம்பி வெட்டட்டும்னு. தம்பிய ஏத்த மாட்டேன்னு தலை மேல கைய வெச்சி சத்தியம் பண்ணாரு. சொன்ன மாதிரியேதான் வெச்சிருந்தாரும்மா. ரெண்டு வருசம் கீழயேதான். காய்ச்சல் வந்து போயிட்டாரு. அதுக்கு யாரு இன்னா பண்றது."

பெட்டி மூடியபடியே வந்தது, திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் முகம் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். பிறகு என் மனைவி, "அந்தக் கட்டிடத்தைப் பத்தி ஏன்டி திரும்பத் திரும்பக் கேக்கிறே?" என்றாள்.

"அவரு இருந்த எடமாச்சே. மாமா சொல்லச் சொல்ல, அவரும் அங்க எங்கனா நடந்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது."

அவர் சொல்வதும் அப்படித்தான் இருக்கும். தரைத்தளத்தில் ஆரம்பிப்பார். ஜனங்கள் வந்து நிற்கிற கூடம், வழவழவென்று கல், அதில் முதல் முதலில் வழுக்கி விழுந்தது இஞ்சினியர். ஒன்றாவது மாடியில் லாக்கர் அறை, சுவரில் மட்டும் இரட்டைக் கம்பி. மூன்றாவது மாடி கட்டும்போதுதான் அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். "நம்ம ஊருல கோழித் தீவனத்துக்குப் போவுதே மக்காச்சோளம், அத அங்க களி கிண்டித் துன்றாங்க. நல்லாத்தான் இருக்குது. தம்பிக்கு ரொம்பப் புடிக்கும்." ஐந்தாவதில் கம்பிக்கு நடுவில் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது, நாலு நாள் அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலை நடந்தது. எட்டாவதில் மழை. பத்தாவதில் நின்றால் ஏரி தெரியும். பன்னிரண்டாவதில் காற்று ஆரம்பிக்கும், பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. பதினைந்தாவது பெரிய அதிகாரிகளுக்கு. கடைசி மாடியில் சேர்மன் அறை. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தகரக் கூரை, வெயிலில் கண் கூசும்.

முதல் தடவை கேட்டபோது என் கணக்கில் ஒன்று குறைந்தது. எனக்கு வயதாகிவிட்டது, காது தவறவிட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. கணக்கு உதைத்தால் எனக்கு அப்படித்தான். இரண்டாம் தடவை கேட்டபோது விரல் மடக்கிக்கொண்டே கேட்டேன். பதினெட்டுதான். பத்தாவதில் ஏரி, உடனே பன்னிரண்டாவதில் காற்று. நடுவில் ஒன்று இல்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு. எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விட்டிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

கான்கிரீட் போடும் நாள் வந்தது. கலவை மெஷினுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, முதல் சட்டி கலவையை என் கையாலேயே போட வைத்தார்கள். அன்று வெளியாட்களும் சேர்ந்து இருபத்தாறு பேர். மேலே பதினான்கு, கீழே பன்னிரண்டு. மேஸ்திரி சாப்பிடாமல் அந்தப் பதினான்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. "எறங்கினவங்க பதினாலு" என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது. தளம் போடும் நாளில் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். பாய் கடையிலிருந்து பிரியாணி வந்திருந்தது. வேப்ப மர நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, ஆப்பிரிக்கா பில்டிங்க எடுத்து வுடுண்ணே. புது ஆளுங்கல்லாம் வந்துக்கிறாங்க" என்றான் முருகேசன்.

அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். கேட்டவுடன் ஆரம்பித்தார். கூடம், லாக்கர், களி, குருவி, மழை, ஏரி. "பன்னண்டாவதுல பாத்தீங்கன்னா காத்து..."

"பதினொண்ணு எங்கே மேஸ்திரி?" என்றேன்.

அவர் நிறுத்தினார்.

"மூணு தடவை கேட்டுட்டேன். மூணு தடவையும் பதினொண்ணாவது மாடியை விட்டுட்டீங்க. பத்தொன்பது சொன்னீங்க, பதினெட்டுதான் வருது" என்றேன். பிழை கண்டுபிடித்த ஆபீசர் குரலில்தான் சொன்னேன். மறைப்பதற்கில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். "சாரு எண்ணிட்டாருடா!" என்றான் ஒருவன். "பதினொண்ணுல அண்ணன் யாரையோ குடி வெச்சிட்டு வந்துக்கிறாரு. அண்ணிக்குத் தெரியக்கூடாதுல்ல" என்றான் முருகேசன். சிரிப்பு இன்னும் பெருத்தது. அஞ்சலையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்:

"பதினொண்ணுல இன்னா மாமா இருக்குது?"

ஒரு பொய் போதும். ஸ்டோர் ரூம் என்று சொல்லியிருக்கலாம், கக்கூஸ் என்று சொல்லியிருக்கலாம். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு இன்னொன்று.

"அன்னிக்கி ஒரு ஆளு கம்மி, அஞ்சலை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒருவன் மிச்சச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான். அஞ்சலை கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்தாள். அவளுக்குப் புரிந்த இடம் எனக்குத் தெரிந்தது. இடது கை தானாக அந்தச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பிடித்தது.

"அதுக்குத்தான் பொட்டிய தொறக்க வுடலியா?"

அவர் இலையை மூடினார்.

"காய்ச்சல்னு சொன்னீங்களே மாமா. ஆறு வருசமா உங்க கையால சோறு வாங்கித் துன்னேனே மாமா."

அவள் எழுந்து தொட்டியில் கை கழுவினாள். சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். மிச்சம் இருபத்தைந்து பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து பின்னால் போகவில்லை. நானும் போகவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்தார். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அது அவர் வேலை. மொத்தம் இருபது பாத்தி. அவர் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, நான் ஏணியில் ஏறிப் பக்கத்தில் போய் நின்றேன். "நான் எண்ணாமல் இருந்திருக்கலாம் மேஸ்திரி" என்றேன்.

டியூபை அடுத்த பாத்திக்கு மாற்றினார்.

"ஆறு வருசமா ஒவ்வொரு வாட்டியும் பத்து முடிஞ்சா மனசு திக்குதிக்குனும் சார். யாரும் கேட்டுடக்கூடாதுன்னு இருக்கும். யாருனா கேட்டுட்டா தேவலன்னும் இருக்கும். யாருமே எண்ணல. நீங்க ஒருத்தர்தான் எண்ணுனீங்க."

அன்று நடந்ததை அவரே சொன்னார். கான்கிரீட் வண்டி வந்து நின்றுவிட்டது. கம்பி கட்ட ஓர் ஆள் வரவில்லை. அரை மணி நேர வேலை. தம்பி கீழே கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். "'கீழ பாக்காதடா, என் முதுகையே பாத்துக்கினு வா'ன்னு சொல்லி இட்டுக்கினு போனேன் சார். என் முதுகத்தான் பாத்துக்கினு வந்தான். நல்லாத்தான் கட்டுனான். கட்டுக்கம்பி தீந்துடிச்சுன்னு எடுத்தார நான் ஒரு மாடி எறங்குனேன். அவன் பாக்குறதுக்கு என் முதுகு இல்ல."

இருபதாவது பாத்தியும் நிரம்பி வழிந்தது. அவர் டியூபை எடுக்கவில்லை. நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

அஞ்சலை மலைக்கே போய்விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வடக்கனந்தல் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவார். அவள் ஊர் நிறுத்தத்தில் இறங்கி, அங்கே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போகமாட்டார். அதே பஸ் திரும்பி வரும்போது ஏறி வந்துவிடுவார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பேன், அவர் சொல்வார். "வந்தா சார், தூரமா நின்னா, போயிட்டா" என்று இரண்டு முறை சொன்னார். மற்றபடி, "வரல சார்." நான் குறித்து வைத்த கணக்குப்படி முப்பத்தொரு தடவை போயிருக்கிறார். முப்பத்திரண்டாவது தடவை போவதற்கு முன் சாலையோரத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார்.

சாவுக்கு அஞ்சலை வந்தாள். எடுக்கும் நேரம், வாய்க்கரிசி போட்டு முகத்தை மூடப் போனார்கள். "மூடாதீங்க" என்றாள். "இவரு மூஞ்சையாவது நல்லா பாத்துக்கிறேன்." கூட்டம் ஒதுங்கி நின்றது. பறை அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த காலண்டர், சுருட்டி ரப்பர் பேண்டு போட்டது. மேஸ்திரியின் மனைவி கொடுத்திருக்கிறாள்.

"மாடி எப்பிடி வந்துக்குதுன்னு பாக்கணும் சார். அன்னிக்கிப் பாக்காமயே போயிட்டேன்" என்றாள்.

இப்போது படிக்கட்டு இருக்கிறது, பதினேழு படி. இருவரும் ஏறினோம். கைப்பிடிச் சுவர் ஓரத்துக்குப் போய்க் குனிந்து கீழே பார்த்தாள். மலையில் பிறந்தவள், அவளுக்கு ஒன்றும் செய்யாது. பிறகு காலண்டரைத் தளத்தில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் துண்டு வைத்தாள்.

"நீங்க எண்ணுறவரு. பதினொண்ணு எதுன்னு எனக்குக் காட்டுங்க சார்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து எண்ணினால், அந்தப் பெரிய மரம் அடி மாடிகளை மறைத்திருந்தது. மறைந்தவை மூன்றா நாலா தெரியவில்லை. மேலேயிருந்து இறங்கி எண்ணினால், உச்சியில் பேங்க்கின் சின்னத்தை அச்சிட்டு ஒரு வரிசையையோ இரண்டு வரிசையையோ மூடியிருந்தார்கள். தரையோடு சேர்த்துப் பதினொன்றா, தரையை விட்டா என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் வேறு வேறு வரிசை வந்தது. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான்" என்று ஒரு வரிசையைக் காட்டினேன்.

முப்பத்து நாலு வருட வேலையில் நான் ஒரு எண்ணைக் கூட ஊகித்து எழுதியதில்லை.

அவள் அந்த நீல வரிசையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்ல நகர்த்தினாள். ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு காலண்டரைச் சுருட்டி எழுந்துகொண்டாள்.

அவள் முன்னால் இறங்கினாள், நான் பின்னால். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, யோசிக்காமலே என் வாயில் வந்துவிட்டது: "ஏறினவங்க ரெண்டு. எறங்கினவங்க ரெண்டு."

அஞ்சலை நின்றாள். திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா மாதிரியே சொல்றீங்க" என்றாள்.

அப்படியே படியில் உட்கார்ந்து, காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அவள் உட்கார்ந்தது கீழிருந்து நாலாவது படி. இப்போதும் மாடிக்குப் போகும்போது மூன்றிலிருந்து ஐந்துக்குத்தான் கால் வைக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. எதற்கு இந்த வயதில் படி தாண்டி ஏறுகிறீர்கள் என்று மனைவி திட்டுகிறாள். அவளிடம் சொல்லவில்லை.